கேரேஜுக்கு ஒரு டியூப் லைட்

“எல்ஈடி வேண்டாம். பழைய மாடல், சோக்கு வெச்ச டியூப் லைட் ஒண்ணு குடுங்க” என்றார் குல்லாக்காரர், மூன்றாவது முறையாக.

எலெக்ட்ரிக் கடைக்காரரின் கை அலமாரிப் பக்கமே போகவில்லை. அவ்வளவு மெதுவாகப் பேசுவார் என்பதால் தெருவில் அவருக்கு ‘லோ வோல்டேஜ்’ என்று பெயர். இன்று பேச்சே நின்றுபோயிருந்தது. குல்லாக்காரர் சொன்ன முகவரிதான் காரணம்.

அதே வீட்டிலிருந்து பத்து நாள் முன்னால் ஒரு பெண் வந்திருந்தாள். கேரேஜில் வட்ட ரம்ப மெஷின் போட்டிருக்கிறோம், உள்ளே நின்றால் ஃப்ரிட்ஜுக்குள் நிற்பது மாதிரி இருக்கிறது, இருக்கிற குண்டு பல்பு போதவில்லை, விலை குறைவாக என்ன விளக்கு போடலாம் என்று கேட்டாள்.

கேள்வி கேட்டு யாராவது வந்தால் லோ வோல்டேஜ் சும்மா விடமாட்டார். குளிரில் டியூப் லைட் எழுந்திருப்பதற்குள் பத்து தடவை கண்ணடிக்கும், எழுந்த பிறகும் முனகும், எல்ஈடி அப்படியில்லை, தொட்டால் எரியும் என்று ஆரம்பித்தார். சின்னதாக ஒரு எல்ஈடி பட்டை போதும், விலையும் கட்டுப்படியாகும் என்றார்.

பிறகு, இருந்த கொஞ்ச குரலையும் தாழ்த்திக்கொண்டு அசல் ஆபத்துக்கு வந்தார். பழைய டியூப் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விட்டு விட்டு எரிகிறது. அந்த வெளிச்சத்தில், சுற்றுகிற ரம்பம் சில சமயம் நிற்கிற மாதிரி தெரியும். சுவிட்சை அணைத்த பிறகும் ரம்பம் கொஞ்ச நேரம் ஓடும். நின்றுவிட்டது என்று நம்பி, மரத்தூளைத் தள்ளக் கையை நீட்டியவர்களில் அவருடைய மச்சானும் ஒருவர். பத்து வரை விரல் விட்டு எண்ண மச்சானுக்கு இப்போது துணைக்கு ஆள் வேண்டும்.

அவள் சிரிக்கவில்லை. “நிக்கற மாதிரியேவா தெரியும்?” என்று இரண்டு தடவை கேட்டாள். சத்தம் காட்டிக் கொடுத்துவிடாதா என்றாள். குளிருக்குக் காதை மூடியிருந்தால் அதுவும் போச்சு என்றார் இவர்.

எல்லாவற்றையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டாள். எழுதும்போது ஸ்வெட்டர் கை மேலே ஏறியது. மணிக்கட்டைச் சுற்றி நாலு விரல் பதிந்த மாதிரி கன்றிப்போயிருந்தது. மெஷினில் இடித்துக்கொண்டாயா அம்மா என்று விசாரித்தார்.

“இது மெஷின் பண்ணதில்லண்ணே” என்றாள். வீட்டில் கலந்து பேசிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள்.

கலந்து பேசியதன் பலன்தான் இப்போது எதிரில் நிற்கிறது. காதை மறைத்து இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாவைக் கடைக்குள்ளும் கழற்றவில்லை, எதைச் சொன்னாலும் முதலில் “ஆங்?” என்றது. புருவத்தில் வெள்ளையாகத் துகள்கள். வெளியே கொட்டுகிற பனி என்று லோ வோல்டேஜ் நினைத்தார். வந்து கால் மணி நேரமாகியும் அது கரையவில்லை.

டியூப்பின் ஆபத்தைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தார். தெரியாமல் கேட்கிறவருக்குச் சொல்லலாம். தெரிந்தே கேட்கிறவருக்குச் சொல்வது, கத்தி வாங்க வந்தவரிடம் கூர் எந்தப் பக்கம் என்று காட்டுவது மாதிரி ஆகிவிடும். அதனால், ஏன் இதுவே வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

“இத மாட்டிட்டா வீட்டுல நிம்மதி” என்றார் குல்லாக்காரர், பாதி வாயால் சிரித்தபடி.

கூடவே இரண்டு நிபந்தனை. குண்டு பல்பைக் கழற்றிவிட வேண்டும். புதன்கிழமைக்குள் எல்லாம் முடிய வேண்டும். அன்றைக்குப் பெரிய பலகைகள் அறுக்க வேண்டியிருக்கிறதாம்.

லோ வோல்டேஜுக்கு அந்தக் கன்றிய மணிக்கட்டு கண்ணுக்குள்ளேயே நின்றது. காலையில் நானே வந்து மாட்டித் தருகிறேன் என்று சொல்லி ஆளை அனுப்பினார். 

மறுநாள் காலை, குல்லாக்காரரின் கார் தெருமுனை திரும்பும் வரை ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றார். கையில் டியூப் இருந்ததால் அவ்வளவாக மறையவில்லை. பிறகு போய் மணியை அடித்தார்.

அவள்தான் திறந்தாள். ஒன்றும் கேட்காமல் கேரேஜுக்குக் கூட்டிப் போனாள். பேசாமல் இருந்தாலே வாயிலிருந்து புகை வரும் குளிர். நடுவில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ரம்பம், பற்களைக் காட்டிக்கொண்டு நின்றது. ஆணியில் ஒரு தோல் ஏப்ரன் தொங்கியது. அவளை மாதிரி இரண்டு பேரைச் சேர்த்துக் கட்டலாம்.

லோ வோல்டேஜ் டியூப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, பையிலிருந்து எல்ஈடி பெட்டியை எடுத்தார்.

“உன் வீட்டுக்காரர் இந்த டியூப வேணும்னே கேட்டு வாங்கறாரும்மா. ரம்பம் நின்னுடுச்சுன்னு நெனச்சு ஒருநாள் நீ கைய வெச்சுடுவ. நான் இத மாட்ட மாட்டேன். இந்த எல்ஈடிய வெச்சுக்க, பணம் வேண்டாம்.”

அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். எல்ஈடி பெட்டியை வாங்கி, திரும்ப அவர் பைக்குள்ளேயே வைத்தாள். மூலையிலிருந்த ஏணியைத் தூக்கிவந்து குண்டு பல்புக்கு நேர் கீழே விரித்தாள். ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பழைய கன்றலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று.

“மெஷின் அவரோடதுண்ணே, நீங்க டியூப மாட்டுங்க.”