சத்தமில்லாத கால்

"இந்தக் கால் ஆணியை இன்னைக்கே எடுத்துடுங்க டாக்டர்!" காலை நீட்டிக்கொண்டு பரபரத்தார் அவர்.

"வருஷக்கணக்கா நொண்டினவருக்கு இன்னைக்கு என்ன இவ்வளவு அவசரம்?" என்றாள் மனைவி.

கால் டாக்டர் உள்ளங்காலில் இருந்த ஆணியை வலிக்காமல் சீவி எடுத்தார். "சர்க்கரை இருக்கிற கால். இனிமே நீங்களா பிளேடு வச்சுக் கிண்டாதீங்க. இந்த இறுக்கமான ஷூவையும் தூக்கிப் போடுங்க."

அவர் எழுந்து நடந்து பார்த்தார். "ஆகா! பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு. சத்தமே வரலை!"

அந்தச் சத்தம்தான் இத்தனை நாளும் அவரைக் காட்டிக்கொடுத்தது. காலை இழுத்து இழுத்து அவர் சமையலறைப் பக்கம் போனாலே மனைவியின் குரல் வந்துவிடும்: "அங்கே என்ன வேலை? எனக்கும்தான் சர்க்கரை, நான் வாயைக் கட்டலையா?"

மத்தியானம் வீடே அமைதியாக இருந்தது. காலையில் பிரிட்ஜில் பார்த்த கேக்கை நினைத்து நாக்கில் எச்சில் ஊற, பூனைபோல நடந்துபோய் சமையலறைக் கதவைத் தள்ளினார்.

பிரிட்ஜ் முன்னால், வாய் நிறைய கேக்கோடு மனைவி நின்றிருந்தாள்.

அவசரமாக விழுங்கிவிட்டு எரிந்து விழுந்தாள்.

"முன்னெல்லாம் நீங்க நொண்டி வர்ற சத்தம் கேட்டதும் டப்பாவை மூடிடுவேன். உங்களை யாரு காலைச் சரிபண்ணிக்கச் சொன்னா?"