புகையைக் காணோம்

"மூடிக்கடா வால்வு, தீ அணைஞ்சுபோச்சு," என்று மேலேயிருந்து புகைபோக்கி கத்தியது.

வாயுக் குழாயில் இருந்த புது வால்வு இரண்டு பக்கமும் யோசித்தது. வானத்தில் கரி சேரக் கூடாதென்று, அன்றைக்குத்தான் பாய்லருக்கு நிலக்கரியை நிறுத்தி ஹைட்ரஜன் வாயுவைக் கொடுத்திருந்தார்கள். தீ நிஜமாகவே அணைந்திருந்தால், வாயு உள்ளே நிரம்பி எல்லாரும் வெடித்துச் சிதற வேண்டியதுதான். எரியும்போது மூடித் தொலைத்தாலோ, ஹைட்ரஜன் லாயக்கில்லை என்று நாளைக்கே நிலக்கரி திரும்பிவிடும்.

"அணைஞ்சதை நீங்க பார்த்தீங்களாண்ணே?"

"பார்க்கணுமா? புகையே வரலை. புகையில்லாம நெருப்பு ஏதுடா? தொண்டை வேற நனைஞ்சு கிடக்கு. எந்த ஊர் நெருப்புக்குடா வேர்க்கும்?"

புகைபோக்கிக்கு வாய்தான் பெரிசு, கண் கிடையாது. வால்வு உள்ளே இருந்த வெப்பமானியைக் கேட்டது. "அக்கா, அங்க எப்படி?"

"தீ கண்ணுக்கே தெரியலைடா. ஆனா சூடு ஏறிக்கிட்டே இருக்கு, தண்ணியும் தளதளன்னு கொதிக்குது. இந்த வாயு எரிஞ்சா நீராவிதான் வரும். அண்ணன் தொண்டையில இருக்கிற ஈரம் அதுதான்."

"முப்பது வருஷமா புகை விட்டவன் சொல்றேன், மூடு," என்றது புகைபோக்கி.

மூடச் சொன்ன வாய் ஓயவில்லை. வால்வும் மூடவில்லை.