குட்மண்ட் வீட்டு ஈஸ்ட்

ஃபியோர்டு என்னும் கடற்கழியின் மேல் மதியத்திலேயே இருட்டிக்கொண்டு வருகிறது. கொட்டகையில், கிறிஸ்துமஸ் பீருக்காகக் காய்ச்சிய பார்லிச் சாறு பீப்பாயில் இளஞ்சூடாக ஆறிக் கிடக்கிறது. அதன் ஆவியில் சிக்ரிட்டின் முகம் சிவந்து மினுங்குகிறது. வீட்டு ஈஸ்ட் செத்துப்போனதால், அடுத்த பண்ணை குட்மண்டிடம் இரவல் வாங்கி வந்திருக்கிறாள். ஈஸ்ட் காய்ந்து ஒட்டிய அந்த மரவளையத்தை அவள் நெஞ்சோடு அணைத்திருப்பதையே புருஷன் ஐவின்ட் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஒரு காலத்தில் அவளைப் பெண் கேட்டு வந்தவன் குட்மண்ட். வளையம் சாற்றில் முழுகுகிறது. இப்போது வீட்டுக்காரன் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தினால்தான் ஈஸ்ட் விழிக்கும் என்பது ஊர் நம்பிக்கை. “ஏங்க, கத்துங்க!” என்கிறாள். “அவன் வீட்டு ஈஸ்ட்தானே? அவனையே வந்து கத்தச் சொல்லு.” “நல்லாருக்கு உங்க பேச்சு!” சிக்ரிட் சிரித்துக்கொண்டே, ஆவி போகத் திறந்திருந்த கதவருகே நின்று “ஓஹோய்ய்!” என்று தானே கூவுகிறாள். கூரைப் பனி பொத்தென்று சரிகிறது. அடுத்த கணமே, இதற்காகவே காத்திருந்தவன் போல, பனிவெளிக்கு அப்பாலிருந்து குட்மண்டின் பதில் கூவல் வருகிறது. சிக்ரிட் கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள். ஐவின்ட் கதவை அறைந்து சாத்துகிறான். சாத்திய கதவுக்கு உள்ளே, அவன் முதுகுக்குப் பின்னால், பீப்பாயில் முதல் குமிழி மெல்ல உடைகிறது.