கறுப்பு என்றால் ஆள்

விடியற்காலை ஐந்தரைக்கே முப்பத்தெட்டு டிகிரி. காவல் பரணில் உட்கார்ந்து தில்லையரசி சூட்டை வெளுப்பாகவும் குளிர்ச்சியைக் கறுப்பாகவும் காட்டும் துப்பாக்கியின் வெப்பக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மண், கல், மக்காச்சோளத் தட்டை எல்லாமே ஆள் உடம்பின் சூட்டில் இருந்ததால் ஒரே சாம்பல் நிறம். காட்டுப்பன்றி மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும். ஆள் யார், மண் எது என்று புரியாததால், சோளக்காட்டுக்குள் இறங்குகிறவர்கள் ஐஸ் சட்டை போட்டே ஆக வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. கறுப்பு என்றால் ஆள். வெளுப்பு என்றால் சுடலாம்.

தண்ணீர் பாய்ச்ச வர வேண்டிய புருஷன் ராமதுரையின் கறுப்பு இன்னும் தென்படவில்லை. இன்னும் எழுந்திருக்க மாட்டார், சோம்பேறி மனுஷன் என்று முணுமுணுத்தாள்.

வரப்போரம் வெளுப்பாக ஒன்று குனிந்து நகர்ந்தது. குறி வைத்தாள். விரல் விசையில் வளைந்தது.

அப்போது வெளுப்பின் காலடியிலிருந்து ஒரு கறுப்புக் கோடு கிளம்பி வாய்க்கால் வழியே நீண்டது. குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர். பன்றி மடை திறக்காது.

துப்பாக்கியை வைத்துவிட்டு இறங்கி ஓடினாள். ராமதுரை மண்வெட்டியைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தார். நெற்றியைத் தொட்டாள். கொதித்தது.

"ஏங்க, ஐஸ் சட்டை எங்கே?"

"போட முடியல புள்ள. குளிருது."

அந்த ஊரில் அந்தச் சொல்லை யாரும் சொல்லி ஆறு வருஷமாகியிருந்தது. தலைத்துண்டை அவிழ்த்து அவர் தோளில் போர்த்திவிட்டாள். விசையில் இருந்த விரல் மட்டும் இன்னும் வளைந்தே இருந்தது.