மோட்டார் கொட்டகைப் பாம்பு

மந்தாரக்குப்பத்தில் என் வீட்டு மோட்டார் கொட்டகையில் ஒரு பாம்பு சட்டை உரித்துப்போட்டது. பாம்பு ஆராய்ச்சி செய்யும் பக்கத்து வீட்டு அப்சானா அதன் செதில்களை எண்ணினாள், மரபணுவையும் சோதித்தாள்.

"யாரும் பேரு வைக்காத இனங்கய்யா! ஆனா பாம்பே கையில கெடச்சாதான் பேரு வைக்க வுடுவாங்க."

பிறகு வந்த சட்டைகளும் அதே பாம்புடையவைதான் என்றது மரபணு. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியது. கடைசிச் சட்டை மண்புழு நீளம்.

"வளர்ற பாம்புக்குத்தானம்மா சட்டை பத்தாம போவும்?" என்றேன்.

"எப்படியும் புடிச்சிடுவேன், பாருங்க," என்று கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நேற்று, சட்டைகள் கிடந்த அதே மூலையில் ஒரு பாம்பு முட்டை கிடந்தது. அளவான டப்பாவில் வைத்து மூடினாள்.

"இனிமே எங்கய்யா போவும்?"

நேற்று கச்சிதமாகப் பொருந்திய டப்பாவுக்குள் இன்று காலை முட்டை உருள்கிறது.