பெட்டியோடு வந்த கிளாரினெட்

“பொய் சொன்னா பொலிசுக்குப் போவன்” என்றேன்.

முகத்துவாரத்தில், ஸ்ரான்லி என்பவரின் வீட்டு வாசல். அவர் கதிரை போட்டார். நான் உட்காரவில்லை.

என் போனில் இருந்த படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார். கறுப்புக் கிளாரினெட்.

“இதை மருதானைப் பழைய சாமான் கடை ரிப்கானுக்கு வித்தது நீங்கதானே?”

“ஓம் மிஸ். ஆனா இப்பிடிப் பளபளப்பா இருக்கேல்ல. ரிப்கான் நானா கலியாணப் பொம்பிளை மாதிரி ஆக்கிட்டார்.”

வெள்ளவத்தையில் இசைக் கண்காட்சி. அதை நடத்தும் எங்கள் ஆபிஸ் பஹ்மிதா மேடம் இதை வாங்கிக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டார். ‘பேர்னாட் மாஸ்டர் கடைசிவரை வாசித்த கிளாரினெட்’ என்று பலகையும் அடித்தாகிவிட்டது. அது யார் யார் கைமாறி வந்தது என்று தேடி எழுதுவது என் வேலை.

இது போலி என்றேன். மேடம் ஆதாரம் கேட்டார்.

“கெம்பஸ் போனா எல்லாம் தெரியும் எண்டு நினைப்பு” என்று சிரித்தார்.

ஆதாரம் என்னிடம் இருந்தது. அந்த ஏசி அறையில் அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ரேடியோ கேட்ட எல்லோருக்கும் பேர்னாட் மாஸ்டரைத் தெரியும். செத்தவுடன் ‘நாட்டின் சொத்து’ என்று மைக் பிடித்து அழுதார்கள். கொட்டாஞ்சேனையில் அவருடைய ஒற்றை அறைக்குள் மழை ஒழுகியது அழுதவர்களில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது ஏதோ ஒரு குப்பையை அவருடையது என்று காட்டி இவர்கள் படம் எடுத்துக்கொள்வதா? விடமாட்டேன். அதற்காகத்தான் கை மாறிய வழியே ஒவ்வொருவராகத் தேடி இங்கே வந்து நிற்கிறேன்.

“எங்க எடுத்தனீங்க?”

“பெட்டிக்குள்ள இருந்தது, மிஸ்.”

பிடிபட்டார் என்று நினைத்தேன். பெட்டியில் கம்பனிப் பெயர் இருக்கும், கடைப் பெயர் இருக்கும். பொய் அதிலேயே உடைந்துவிடும்.

“அப்ப அந்தப் பெட்டியைக் காட்டுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “அது உக்கிப் போச்சே. பலகைதானே. ஆணிதான் மிச்சம்.”

“வாத்தியப் பெட்டிக்கு எதுக்கு ஆணி?”

உள்ளே இருந்து அவர் மனைவி சத்தமாகச் சிரித்தார். “ஐயோ, மிஸ்ஸுக்கு விளங்கேல்ல. உங்கட வேலை என்னெண்டு முதல்ல சொல்லுங்கோவன்!”

ஸ்ரான்லி தலையைச் சொறிந்தார்.

“சவக்காலையில, மிஸ். குழி வெட்டுறது.”

விலைக்கு வாங்காத குழியைச் சில வருடங்களில் திறந்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். சவக்காலைக் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினதாம். ஒருவரும் வரவில்லையாம். பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

“மாஸ்டரை இறக்கினதும் நான்தான், எடுத்ததும் நான்தான். இது கட்டி ரப்பர்ல செய்த சாமான், அப்பிடியே கிடந்தது. நெஞ்சுக்கு மேல, ஒரு ஸ்கூல் டையால சுத்திக் கட்டி. நைலோன் டை. அதுவும் உக்கேல்ல.”

நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

டையைக் கழற்றிக் கட்டியது நான். அப்போது பள்ளிக்கூடத்தில் ஓ.எல். வகுப்பு. சவப்பெட்டியை மூட முன்னம் குனிந்து, “இனி இதை ஒருத்தரும் எடுக்கேலாது, அப்பா” என்று அவர் காதுக்குள் சொன்னேன்.

ஆபிசில் ஒருவருக்கும் நான் யாருடைய மகள் என்று தெரியாது. அப்பாவின் பெயரால் வேலை எடுத்தவள் என்று எவரும் சொல்லக் கூடாது என்பதற்காக மறைத்தேன். அசல் மண்ணுக்குள் அவரோடு இருக்கிறது என்றே இருந்தேன். அதுதான் என் ஆதாரம்.

அப்படியானால் கண்ணாடிக்குள் இருப்பதுதான் அசல்.

“தெரிஞ்ச ஆளா, மிஸ்?”

எலும்புகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். மூலையில் ஒரு பொதுக்குழி இருக்கிறதாம். எல்லோரும் அதற்குள்தானாம்.

“அவரை இறக்கின அந்தக் குழாயடிக் குழியில இப்ப ஆர்?”

“ஒரு சின்னப் பிள்ளை, சில வருசமாச்சு. ஒரு சிலுவை நடக்கூட ஆள் வரேல்ல, பாவம்.”

அப்பாவின் மரச்சிலுவை முதல் மழையிலேயே விழுந்தது. அதன் பிறகு அந்தத் தண்ணீர்க் குழாய்தான் எங்களுக்கு அடையாளம். ஒவ்வொரு நவம்பரும் இறந்தோர் நாளில் அம்மா அங்கே மெழுகுதிரி கொளுத்தி, மண்ணில் கை வைத்து நெடுநேரம் கதைப்பார். தன் முழங்கால் நோவு. வீட்டுக்காரரின் ஏச்சு. எனக்கு இன்னும் கலியாணம் ஆகாதது, நான் யார் சொல்லையும் கேட்காதது.

அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறது.