எடைக்கு ஏற்ற பலகை

2007 ஜூன், புதன்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம்.

"ரேஸுக்கு ஒரு ஸ்னோபோர்டு வேணும்," என்றாள் பிரபாவதி. "ஜெயிக்கிற மாதிரி."

துபாயின் அந்த மால் அப்போதுதான் திறந்திருந்தது. வெளியே நாற்பத்து நான்கு டிகிரி. கடைக் கண்ணாடிக்கு அப்பால், கூரைக்குள் அடைத்த பனிச்சரிவு வெள்ளையாகக் கிடந்தது.

விற்பனையாளன் ஆங்கிலத்தில் தொடங்கினான்.

"தமிழ்லயே பேசு தம்பி. சட்டையில கார்மேகம்னு போட்டிருக்கே."

அவன் சிரித்தான். "பிள்ளைங்களுக்கா மேடம்?"

"எனக்கு."

கார்மேகம் அவளுடைய சுடிதாரைப் பார்த்தான். நரைத்த வகிட்டைப் பார்த்தான்.

"உனக்கு எந்த ஊரு?"

"கமுதி மேடம்."

"கமுதியில பனி பெய்யுமா?"

"மழையே பெய்யாது."

"நீ இதை விக்கலாம், நான் ஓட்டக் கூடாதா?"

"தாராளமா ஓட்டுங்க. யாரோட போட்டி?"

"என் வீட்டுக்காரரோட. வெள்ளிக்கிழமை, நாற்பது வயசுக்கு மேற்பட்டவங்க ரேஸ். எங்க ரெண்டு பேர்ல பின்னாடி வர்றவங்க ஒரு வருஷத்துக்கு வெள்ளிக்கிழமை சமைக்கணும். பதினெட்டு வருஷமா லீவு நாள்ல அவர் பேப்பர் படிக்கிறார், நான் சாம்பார் வைக்கிறேன்."

"சார் நல்லா ஓட்டுவாரா?"

"என்னைவிட நல்லா. 'நீ ஏறினா பலகை தாங்குமா'ன்னு வேற கேக்கறார்."

அவள் கணவர் சேதுமாதவன் இன்ஜினீயர். அளவு ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் சைட்டில் வேலையை நிறுத்திவிடுவார்.

கார்மேகம் மஞ்சள் நிறத்தில் ஒரு போர்டை இறக்கினான். "உங்க எடை மேடம்?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை.

"அறுபத்தஞ்சு."

அவன் போர்டைத் திரும்ப மாட்டினான்.

"மேடம், இங்க வர்றவங்க எல்லாருமே குறைச்சுத்தான் சொல்றாங்க. நாங்களும் நம்பி இளகின போர்டாக் குடுத்துடறோம். வேகமாத் திரும்பும்போது அது வளைஞ்சு வழுக்கும். விழ மாட்டாங்க. ஆனா கடைசியாத்தான் வருவாங்க."

"கடையில எடை மிஷின் வைக்கலாமே?"

"வெச்சோம். கஸ்டமர் வர்றது நின்னுபோச்சு."

பிரபாவதி சிரித்துவிட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "எழுபத்து நாலு."

"நிச்சயமா?"

"நிச்சயமா. ஊருக்குப் போறப்ப பெட்டியை எடை போட வீட்டுல மிஷின் வெச்சிருக்கோம். அவர் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஏறுவார். அவரோட எடையைக் கழிச்சு நான் சொல்வேன்."

கார்மேகம் உள்ளே போய் ஒரு கறுப்புப் போர்டைக் கொண்டுவந்தான். அவள் இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"பார்க்க ஒண்ணும் அழகா இல்லையே."

"வெள்ளிக்கிழமை அழகா இருக்கும் மேடம்."

அட்டையில் 'பிரபாவதி, 74 கிலோ' என்று எழுதிப் போர்டில் கட்டினான். "நல்லா சறுக்கறதுக்கு அடியில மெழுகு பூசி வைக்கிறேன். நாளைக்கு வந்து வாங்கிக்குங்க."

கல்லாவுக்குப் பின்னால் மெழுகுக்குக் காத்திருந்த வரிசையில் அதைச் சாய்த்தான். பக்கத்தில் ஒரு சிவப்புப் போர்டு, தீ ஜுவாலைப் படத்துடன் பளபளத்தது. அதிலும் ஓர் அட்டை.

'சேதுமாதவன், 68 கிலோ.'

போன மாதம் மிஷினில் அவரும் பெட்டியும் சேர்ந்து நூற்றுப் பதினாறு. பெட்டி மட்டும் முப்பது.

பிரபாவதி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பில் தோள்கள் குலுங்கின.

"தெரிஞ்சவரா மேடம்?" கார்மேகம் பேனாவைத் திறந்தான். "நேத்து எனக்கு லீவு. அவர் எடையைச் சரியாத்தானே எழுதியிருக்காங்க?"